கனாசாவாவில் நண்டும் சூடான சாக்கேவும்

ஜப்பானின் இஷிகாவா மாநிலத் தலைநகரான கனாசாவாவில், ஓமிச்சோ மீன் சந்தைக்கு அருகே, கடலுணவையும் சாக்கே என்னும் ஜப்பானிய அரிசி மதுவையும் மட்டுமே நம்பி நடக்கும் ஓர் உயர்தர உணவகத்தில் நவம்பர் மாத இரவொன்றில் உணவருந்தினேன். நீண்ட மரமேடை ஒன்றுதான் இருக்கை வரிசை. அன்று சந்தைக்கு வந்த மீனைப் பார்த்துச் சமையற்கலைஞரே தீர்மானித்து ஒவ்வொன்றாகப் பரிமாறும் ஓமகசே முறை என்பதால் உணவுப் பட்டியல் கிடையாது. ஒருவருக்கு 20,000 யென்னுக்கு மேல் ஆகிறது. சாக்கேவுக்குத் தனிக் கட்டணம்.

முதலில் வந்த அமாஎபி என்னும் இனிப்பு இறாலின் சஷிமி, அதாவது சமைக்காமல் பச்சையாகப் பரிமாறும் சதை, நன்றாகவே இருந்தது. அதனுடன் வைத்த, சற்றே இனிப்பான ஓனோ சோயா சாஸ் அந்த ஊருக்கே உரியது.

ஆனால் இந்த உணவகத்துக்குப் போக வேண்டிய காரணம் கோபாகோ எனப்படும் பெண் பனி நண்டுதான். உருவில் சிறிய அந்த நண்டின் கால் சதையை ஒவ்வொன்றாக உருவி, ஓட்டின் மேல் வரிசையாக அடுக்கி, அடியில் இரண்டு வகை முட்டைகளையும் வைத்துத் தருகிறார்கள்: உடலுக்குள் இருக்கும் செம்மஞ்சள் முட்டை வெண்ணெயாய்க் கரைகிறது, வயிற்றின் வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் முட்டை பற்களுக்கிடையே மெல்ல நொறுங்குகிறது. இதற்கு அவர்கள் ஊற்றியது, ஹகுசான் நகரில் 1823இல் தொடங்கப்பட்ட ஷாதா சாக்கே ஆலையின் தெங்குமாய் என்னும் யமஹாய் சாக்கே. லாக்டிக் அமிலப் பாக்டீரியாவை இயற்கையாகவே வளரவிட்டுத் தயாரிக்கும் யமஹாய் முறையால் வரும் புளிப்பும் அழுத்தமும், ஏறத்தாழ 45 டிகிரிக்குச் சூடாக்கும்போது நண்டின் கொழுப்பை நாவிலிருந்து துடைத்துவிட்டு அதன் இனிப்பை மட்டும் நிற்க விடுகின்றன. சாப்பிட்டு முடித்தபின், ஓட்டில் எஞ்சியிருந்ததன் மேல் அதே சூடான சாக்கேவை ஊற்றிக் குடிக்கக் கொடுத்தார்கள்; அந்த இரவில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

இதே கவனம் நோதோகுரோ மீனில் இல்லை. உப்பிட்டுக் கரி நெருப்பில் வாட்டிய மீன் குறையற்றது, தோல் மொறுமொறுப்பாகவும் உள்ளே கொழுப்பு சொட்டுவதாகவும் இருந்தது. ஆனால் அதற்குத் துணையாகக் குளிர்ந்த தைகின்ஜோவைத் தந்தார்கள். அரிசியின் எடையில் பாதியையாவது தீட்டி நீக்கிச் செய்யும் அந்த விலையுயர்ந்த சாக்கேவின் மெல்லிய பழ வாசனை, புகைமணத்துக்கும் கொழுப்புக்கும் முன்னால் காணாமல் போயிற்று. உயர்ந்த சாக்கே எதற்கும் பொருந்தும் என்ற எண்ணம் இத்தகைய இடத்தில் இருக்கலாகாது. விலைகளை எங்கும் எழுதி வைக்காததும் சரியன்று. குவளைக்குக் குவளை கேட்டுக்கொண்டிருப்பது விருந்தினருக்குச் சங்கடம்.

கோபாகோ பிடிப்பு இங்கு நவம்பர் 6ஆம் தேதி தொடங்கி டிசம்பர் இறுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதன்பின் மார்ச் வரை ஆண் நண்டு மட்டுமே கிடைக்கும், அது மிகவும் விலை கூடியது. ஆகவே அந்த இரு மாதங்களுக்குள் முன்பதிவு செய்யுங்கள். யமஹாய் சாக்கேவைச் சூடாகவே கேளுங்கள்.