பிசினஸ் ஜெட் தரைச் சேவைகள்: முனையம் வளர்ந்தது, ஏப்ரன் வளர்ந்ததா?

கொச்சியில் 2022 டிசம்பர் 10 அன்று திறந்த பிசினஸ் ஜெட் முனையம் 40,000 சதுர அடி. பழைய உள்நாட்டு முனையத்தின் ஒரு பகுதியைச் சீரமைத்து, சுமார் 30 கோடி ரூபாயில் முடித்தார்கள். காரிலிருந்து விமானத்துக்கு இரண்டே நிமிடம் என்று அப்போது சொன்னார்கள். டெல்லியில் 2020 செப்டம்பரிலேயே தனியார் விமானங்களுக்கென்று தனி முனையம் வந்துவிட்டது. பொது முனையத்தில் வரிசையில் நின்று, பேருந்தில் ஏறி, ஏப்ரனின் (விமானங்கள் நிற்கும் தளத்தின்) மறுகோடிக்குப் போனதோடு ஒப்பிட்டால் பயணிக்கு இது பெரிய நிம்மதி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் பல ஆண்டுப் பயன்பாட்டில் தெளிவாகத் தெரிவது இதுதான்: தாமதங்கள் பெரும்பாலும் கட்டடத்துக்குள் உருவாவதில்லை, விமானம் நிற்கும் இடத்தில்தான் உருவாகின்றன. ஆகவே ஒரு நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சோபாவைப் பார்க்காதீர்கள், உபகரணங்களைப் பாருங்கள்.

முதலில் மின்சாரம். நிற்கும் விமானத்துக்குத் தரையிலிருந்து மின்சாரம் தரும் வண்டிதான் ஜி.பி.யூ. "ஜி.பி.யூ. இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லா ஹேண்ட்லரும் (தரைச் சேவை நிறுவனமும்) "இருக்கிறது" என்பார்கள். எந்த ஜி.பி.யூ. என்பதுதான் கேள்வி. சிறிய ஜெட்டுக்கு 28 வோல்ட் டிசி (நேர்திசை மின்சாரம்) வேண்டும். குளோபல் போன்ற பெரிய விமானங்களுக்கு 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ் ஏசி (மாறுதிசை மின்சாரம்) இணைப்பும் உண்டு. ஏர்லைன் விமானங்களுக்காக வாங்கிய வண்டியில் ஏசி மட்டும் இருந்தால் சிறிய ஜெட்டுக்கு அது பயன்படாது. இன்னொன்று, பெரும்பாலான பெரிய ஜெட்களில் கேபின் குளிர்ச்சி ஏ.பி.யூ. (விமானத்துக்குள்ளேயே இருக்கும் சிறிய துணை இன்ஜின்) தரும் அழுத்தக் காற்றில் ஓடுகிறது. ஜி.பி.யூ. போட்டால் விளக்கு எரியும், ஏவியானிக்ஸ் (விமானத்தின் மின்னணுக் கருவிகள்) இயங்கும், ஆனால் கேபின் குளிராது. சென்னை மே மாத வெயிலில் பயணி ஏறும்போது கேபின் கொதிக்கக் கூடாது என்றால், குளிர்காற்று வண்டியைத் தனியாகச் சொல்லி வைக்க வேண்டும். அல்லது ஏ.பி.யூ.வை முன்கூட்டியே ஓட்டி, அந்த எரிபொருளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

விலை உயர்ந்த தவறுகள் நடப்பது விமானத்தை இழுக்கும்போதுதான். முன்சக்கரக் காலில் கத்தரி போல மடங்கும் இணைப்பு ஒன்று இருக்கும், டார்க் லிங்க் என்பார்கள். கல்ஃப்ஸ்ட்ரீம் போன்ற விமானங்களில் இழுப்பதற்கு முன் அதைப் பிரித்துவிட வேண்டும். பிரிக்காமல் இழுவை வண்டி குறுக்கே திரும்பினால் ஸ்டீயரிங் அமைப்பு முறுக்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் முறிந்து விமானத்தைக் காப்பதற்காகத்தான் டோ பாரில் (இழுவை வண்டியை விமானத்தோடு இணைக்கும் தண்டில்) ஷியர் பின் என்ற ஊசியை வைத்திருக்கிறார்கள். முறிந்த பின்னுக்குப் பதிலாகக் கையில் கிடைத்த போல்ட்டை மாட்டியிருந்தால் போல்ட் முறியாது, விமானத்தின் கால்தான் சேதமாகும். டோ பாரைப் பூட்டும் முன் அந்தப் பின்னைக் குனிந்து பாருங்கள், பத்து விநாடி வேலை. இழுத்து முடித்ததும் டார்க் லிங்க் திரும்பப் பூட்டப்பட்டதா என்று கேப்டனே போய்ப் பார்ப்பது நல்லது. பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையின் நுனி, திரும்பும்போது எதிர்பார்த்ததை விட வெளியே வீசும். அதனால் நெருக்கடியான இடத்தில் இரு இறக்கை நுனிக்கும் வாலுக்கும் ஆள் வேண்டும். ஒரே ஆள் ஓடி ஓடிப் பார்ப்பதை ஏற்காதீர்கள்.

எரிபொருளில் அலகுக் குழப்பம் சகஜம். அமெரிக்கத் தயாரிப்பு விமானங்கள் பலவற்றில் காட்டி பவுண்டில் இருக்கும், பவ்சர் (எரிபொருள் நிரப்பும் லாரி) மீட்டர் லிட்டரில் ஓடும். 10,000 பவுண்டு என்பது 4,536 கிலோ. அடர்த்தி 0.79 என்றால் சுமார் 5,740 லிட்டர். ஆர்டரில் எண்ணை மட்டும் எழுதாமல் அலகையும், அன்றைய அடர்த்தியில் லிட்டர் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள். பவ்சர் ஏர்லைன்களுக்குத்தான் முதலில் போகும், ஆகவே வந்திறங்கியதும் நிரப்பிக்கொள்வது பாதுகாப்பு.

எரிபொருளில் உறைவெதிர்ப்புச் சேர்மம் தேவைப்படும் சைட்டேஷன் போன்ற விமானங்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 2019 மே மாதம் ஃபுளோரிடாவின் புன்டா கோர்டாவில் நிரப்பிக்கொண்டு கிளம்பிய இரண்டு சைட்டேஷன்கள் நடுவானில் இன்ஜின் சக்தி இழந்து வேறு நிலையங்களில் இறங்கின. சேர்மத்துக்குப் பதில் எரிபொருளில் கலந்தது டீசல் வண்டிகளுக்கு ஊற்றும் டிஇஎஃப். யூரியா கலந்த தண்ணீர் அது. ஜெட் எரிபொருளோடு சேர்ந்தால் படிகமாகி வடிகட்டியை அடைத்துவிடும். சேர்மம், டிஇஎஃப் இரண்டுமே நிறமற்ற திரவம், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. புதிய டீசல் வண்டிகள் வரவர டிஇஎஃப் கேன்களும் நிலையத்துக்குள் வந்துவிடுகின்றன. இரண்டையும் ஒரே அறையில் வைத்திருக்கும் இடத்தில் சேர்மம் போடச் சொல்லாதீர்கள். வேறு வழியில்லை என்றால், சீல் உடையாத கலத்தின் லேபிளை நேரில் படித்த பிறகே ஊற்ற விடுங்கள்.

வான்பாதுகாப்பு அனுமதி எண், எஃப்.ஐ.சி. (விமானத் தகவல் மையம்) எண் ஆகியவற்றை வாங்கித் தருவதில் இப்போது பெரும்பாலான ஹேண்ட்லர்கள் தேறிவிட்டார்கள்.

தேறாதது நிறுத்துமிடமும் ஹேங்கரும் (விமானக் கொட்டகையும்). ஹாக்கர் 800-இன் வால் சுமார் 18 அடி உயரம். குளோபல் 7500-க்கு வால் 27 அடி, இறக்கை 104 அடி. பழைய அளவில் கட்டிய ஹேங்கரில் தரைப்பரப்பு போதுமானதாக இருந்தும் கதவில் வால் இடிக்கும். மழைக்காலத்தில் இரண்டு நாள் நிற்கப் போகும் விமானத்துக்கு "ஹேங்கர் இருக்கிறது" என்ற பதில் போதாது. கதவின் உயரத்தையும் அகலத்தையும் அடிக்கணக்கில் எழுத்தில் வாங்குங்கள். இல்லையென்றால் இன்ஜின் உறைகளையும், வேகம் அளக்கும் பிட்டோ குழாயின் உறைகளையும் விமானத்திலேயே கொண்டுபோய், இறங்கியவுடன் மாட்டிவிடுங்கள்.