“நீங்களே பிரசவம் பார்க்கலாம்”: தான்சானியா மருத்துவ இன்டர்ன்ஷிப் பேக்கேஜுக்குப் பணம் கட்டுமுன்

கழுத்தில் ஸ்டெதஸ்கோப், பின்னால் கிளிமாஞ்சாரோ, கீழே “நீங்களே தையல் போடலாம், நீங்களே பிரசவம் பார்க்கலாம்” என்று ஒரு வரி. நான்கு வாரத்துக்கு இரண்டாயிரம் டாலருக்கு மேல் கேட்கும் இந்த மாதிரி விளம்பரங்களுக்கு எம்பிபிஎஸ் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் சிக்குகிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் நம் குடும்பங்கள் பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காத பிள்ளைகளை அனுப்புகின்றன. எல்லா ஏற்பாட்டாளர்களும் மோசடிக்காரர்கள் இல்லை. ஆனால் ஏமாற்று நடக்கும்போது அது கிட்டத்தட்ட ஒரே வரிசையில்தான் நடக்கிறது.

முதலில் முன்பணம், அது திரும்பி வராது என்பது பொடி எழுத்தில் இருக்கும். பிறகு மருத்துவமனைப் பெயர் போட்ட ஒரு கடிதம் வரும். அதில் கையெழுத்து போட்டிருப்பவர் ஏஜென்ட்டின் ஆளாக இருப்பார், மருத்துவமனை ஊழியராக இருக்கமாட்டார். தொடர்புக்கு ஒரு ஜிமெயில் முகவரி. மோஷியிலோ அருஷாவிலோ போய் இறங்கினால், “பெரிய ஆஸ்பத்திரியில் இந்த மாதம் இடமில்லை” என்று சொல்லி ஒரு ஜஹனாதியில் (ஊர் அளவிலான சின்ன மருந்தகம்) கொண்டுபோய் விடுவார்கள்.

தான்சானியாவின் பொது சுகாதார அமைப்பில் ஜஹனாதிதான் அடிப்படி. அதற்கு மேலே கிடுவோ சா அஃப்யா என்ற சுகாதார நிலையம், அப்புறம் மாவட்ட மருத்துவமனை, பிராந்திய மருத்துவமனை என்று ஏறும். ஜஹனாதியில் பெரும்பாலும் வெளிநோயாளிகள்தான். எம்பிபிஎஸ் டாக்டரே இருக்கமாட்டார். டிப்ளமா படித்த கிளினிக்கல் ஆபீசரும் ஓரிரு நர்ஸுகளும் இருப்பார்கள். அவர்கள் திறமைசாலிகள், மலேரியாவைப் பற்றி நமக்குப் பாடம் எடுக்கக்கூடியவர்கள். ஆனால் நீங்கள் காசு கொடுத்தது அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு. சான்றிதழில் மட்டும் ‘ஹாஸ்பிடல்’ என்றே அச்சாகி வரும்.

இன்னொரு வகையில், பெரிய மருத்துவமனைக்கே அழைத்துப்போவார்கள். ஆனால் வார்டு பொறுப்பு நர்ஸுக்கு நீங்கள் வருவது தெரியாது. ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையில் ஒரே கட்டிலைச் சுற்றி உள்ளூர் மாணவர்களும் வெளிநாட்டு மாணவர்களும் மொய்ப்பார்கள். கேஸ் ஷீட் ஆங்கிலத்தில் இருக்கும், நோயாளி பேசுவது ஸ்வாஹிலி. மொழிபெயர்க்க யாருக்கும் நேரமில்லை. பத்து மணிக்கு ரவுண்ட்ஸ் முடிந்தால் அன்றைய பயிற்சியும் முடிந்தது.

இதைத் தடுக்க ஒரே ஒரு வேலைதான்: ஏஜென்ட்டைத் தாண்டி மருத்துவமனையிடமே கேட்பது. தான்சானிய அரசு மருத்துவமனைகளின் இணைய முகவரி ‘.go.tz’ என்றும், பல்கலைக்கழகங்களின் முகவரி ‘.ac.tz’ என்றும் முடியும். பொறுப்பு மருத்துவ அலுவலருக்கு (அங்கே ம்கங்கா ம்ஃபாவிதி என்பார்கள்) அந்த முகவரிக்கே எழுதுங்கள். என் பெயர் உங்கள் பட்டியலில் இருக்கிறதா, எந்தப் பிரிவு, மேற்பார்வையிடும் டாக்டர் யார், அவருடைய மெடிக்கல் கவுன்சில் ஆஃப் டாங்கனிக்கா பதிவு எண் என்ன, மருத்துவமனைக்கு நான் கட்டவேண்டிய கட்டணம் எவ்வளவு: இந்த ஐந்தும் போதும். தார் எஸ் ஸலாமில் முஹிம்பிலி பல்கலைக்கழகம், மோஷியில் கிளிமாஞ்சாரோ கிறிஸ்டியன் மெடிக்கல் சென்டர் போன்ற இடங்கள் எலெக்டிவ் மாணவர்களை (படிப்பின் நடுவே விருப்பப் பயிற்சிக்கு வருபவர்களை) நேரடியாகவே எடுத்துக்கொள்கின்றன. நடுவில் ஆளே வேண்டாம்.

பணம் விஷயத்தில் ஒரு நல்ல சோதனை உண்டு. அரசு நிறுவனங்களுக்குக் கட்டும் கட்டணத்துக்குத் தான்சானியாவில் ‘கண்ட்ரோல் நம்பர்’ என்ற எண்ணை உருவாக்கித் தருவார்கள். அந்த எண்ணைப் போட்டு வங்கியிலோ செல்போன் பணத்திலோ கட்டினால் ரசீது வரும். “ஆஸ்பத்திரி ஃபீஸை நாங்கள் கையில் கொடுத்துவிடுவோம்” என்று ஏஜென்ட் சொன்னால், அந்தக் காசு ஆஸ்பத்திரிக்குப் போகிறது என்பதற்கு உங்களிடம் எந்த ஆதாரமும் இருக்காது.

அடுத்து அந்த “நீங்களே செய்யலாம்” என்ற வாக்குறுதி. விளம்பரத்தில் இந்த ஒரு வரி இருந்தாலே மூடிவைத்துவிடலாம். பிரசவத்தின்போது ஏற்படும் கிழிசலை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நிலைக் கிழிசலுக்கும் மூன்றாம் நிலைக்கும் உள்ள வித்தியாசம், மலவாய்ச் சுருக்குத்தசை அறுந்திருக்கிறதா என்பது. ரத்தம் கசியும் நேரத்தில், மங்கலான விளக்கில், விரல்விட்டுப் பரிசோதிக்கப் பழகாதவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். மேல்தோலை மட்டும் அழகாகத் தைத்து அனுப்பிவிட்டால், அந்தப் பெண்ணுக்குப் பிறகு மலத்தை அடக்க முடியாமல் போகலாம். தைத்தவர் அதற்குள் ஊர் திரும்பியிருப்பார். சொந்த ஊரில் செய்ய அனுமதியில்லாத ஒன்றை அங்கே செய்வதற்கும் அனுமதியில்லை. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் இதற்கென்றே 2011-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. பயிற்சியில்லாமல் வெளிநாட்டில் நோயாளியைத் தொட்டதைப் பெருமையாக எழுதினால் கல்லூரி விண்ணப்பத்துக்கே அது பாதகமாகலாம் என்ற எச்சரிக்கையும் உண்டு. பிள்ளையின் ரெஸ்யூமேக்காக அனுப்பும் பெற்றோர் இதைக் கவனிக்கவேண்டும்.

ஊசி குத்தினால் என்ன செய்வார்கள் என்று ஏஜென்ட்டைக் கேட்டுப்பாருங்கள். பெரும்பாலும் “இன்சூரன்ஸ் இருக்கிறது” என்பார்கள். சாதாரணப் பயணக் காப்பீடு மருத்துவமனை வேலையில் நேரும் விபத்தை ஏற்காமல் போகலாம், பாலிசியைப் படியுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடவேண்டும். எச்ஐவி சிகிச்சைப் பிரிவை அங்கே சிடிசி (CTC, கேர் அண்ட் ட்ரீட்மென்ட் கிளினிக்) என்பார்கள். அது பூட்டியிருக்கும் இரவில் மருந்து எங்கே கிடைக்கும் என்பதை முதல் நாளே கேட்டுவைக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதம் என்று மூன்று தவணை. ஆகவே டிக்கெட் போட்ட பிறகு யோசித்தால் நேரம் போதாது. மூன்றாவது ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி அளவு 10 mIU/mL-க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கையுறையும் என்95 மாஸ்க்கும் கொண்டுபோங்கள். அங்கிருக்கும் கையிருப்பு அங்குள்ளவர்களுக்கே போதாது. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லும். கென்யா, எத்தியோப்பியா வழியாகப் போய்வருகிறவர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் முன்பதிவு செய்து போட்டுக்கொள்வது நல்லது. மஞ்சள் காய்ச்சல் நாட்டிலிருந்து சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த முடியும்.

விசா பற்றிச் சுருக்கமாக: “கவுண்ட்டரில் சஃபாரிக்கு வந்தேன் என்று சொல்லிவிடு” என்று சொல்லிக்கொடுப்பவர் மாட்டப்போவதில்லை, நீங்கள்தான் மாட்டுவீர்கள். தன்னார்வலர்களுக்கும் மாணவர்களுக்கும் அங்கே ‘சி’ வகை அனுமதி என்று தனியாக உண்டு. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை அழைக்கும் நிறுவனம் எழுத்தில் தரவேண்டும்.

சான்றிதழைப் பற்றியும் ஒரு பொய் உலவுகிறது. ஏஜென்ட் தரும் தாளைக் காட்டி இங்கே சிஆர்எம்ஐயில் (எம்பிபிஎஸ் முடிவில் செய்யவேண்டிய கட்டாயப் பயிற்சி) ஒரு நாளைக்கூடக் கழிக்க முடியாது. வெளிநாட்டில் எம்பிபிஎஸ் படித்தவர்கள்தான் இதில் அதிகம் இழப்பவர்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் (என்எம்சி) 2021 விதிப்படி, படித்த அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். மூன்றாவது நாட்டில் ‘இன்டர்ன்ஷிப் வாங்கித் தருகிறோம்’ என்பவரிடம் கொடுக்கும் காசு தண்டம்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்பது) கேளுங்கள். காலக்கெடு பெரும்பாலும் 120 நாள். வாக்குறுதி தந்த விளம்பரம், மின்னஞ்சல், “உங்கள் பெயர் எங்களிடம் இல்லை” என்று மருத்துவமனை எழுதிய பதில் ஆகியவற்றை இணைத்தால் உங்கள் கோரிக்கை வலுக்கும். பேபாலில் ‘ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலி’ என்று அனுப்பச் சொல்லி, அப்படியே அனுப்பியிருந்தால் அதற்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. மீதித் தொகை பாக்கி இருந்தால் அதையாவது நிறுத்திவிடுங்கள்.