எச்சரிக்கை: இணையம் இல்லாமலும் ஓடும் என்று விற்கப்பட்ட வணிக மென்பொருள்

கணினியின் வேகமும் இணையத்தின் வசதியும் ஒருசேரக் கிடைக்கும் என்ற உறுதிமொழியை நம்பி, எங்கள் மொத்த விற்பனை நிறுவனத்துக்காக நான் தேர்ந்தெடுத்த மென்பொருள், பதினொரு மாதங்களில் இருப்புக் கணக்கையும் பில் வரிசையையும் குலைத்துவிட்டு, கடைசியில் எங்கள் தரவையே எங்களுக்குக் காட்ட மறுத்தது. தேர்வு செய்தவனும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவனும் நானே என்பதால், எங்கே ஏமாற்றப்பட்டேன், எங்கே நானே கவனக்குறைவாக இருந்தேன் என்ற இரண்டையும் எழுதுகிறேன்.

விளக்கம் காட்ட வந்த விற்பனைப் பிரதிநிதி ஒரே ஒரு மடிக்கணினியைக் கொண்டுவந்தார். வைஃபையை அணைத்தார், பில் போட்டார், அச்சிட்டார், மறுபடி வைஃபையை இயக்கினார்; சில நொடிகளில் அதே பில் அவருடைய கைபேசியில் வந்து நின்றது. நாங்கள் அதற்கு முன்பு பயன்படுத்தியது முழுக்க முழுக்க உலாவியில் ஓடிய மென்பொருள். இணையம் போனால் கல்லாவை மூடிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கும் முன்பு மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான ஆக்சஸில் செய்து வைத்திருந்த கோப்பு, 2 ஜிபி என்ற அதன் உச்ச வரம்பை நெருங்கித் திணறியது. இரண்டு அவதிகளையும் பட்டிருந்த எங்களுக்கு அந்தக் காட்சியே போதுமானதாக இருந்தது. ஒரு கணினி தனியாக வேலை செய்து, பிறகு அதை மையக் கணினியான சர்வரிடம் ஒப்படைப்பது பெரிய காரியமில்லை என்பதும், ஒன்றையொன்று அறியாத இரண்டு கணினிகள் ஒரே பதிவைத் திருத்தும்போது என்ன நடக்கிறது என்பதில்தான் இவ்வகை மென்பொருளின் தரம் தெரியும் என்பதும் அன்று எனக்குத் தோன்றவில்லை.

முதல் நான்கு மாதங்கள் குறையொன்றும் இல்லை. ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள் பிற்பகல் முழுவதும் இணையம் இல்லை. ஒரு பொருளில் 40 பெட்டிகள் கிடங்கில் இருந்தன. முதல் விற்பனை மேசையில் 30 பெட்டிகளுக்குப் பில் போட்டார்கள். அந்தக் கணினி இருப்பு 10 என்று காட்டியது. இரண்டாம் மேசையில் இருந்தவர், முதல் மேசையில் நடந்தது தெரியாமல், 25 பெட்டிகளுக்குப் பில் போட்டார். அவருடைய கணினி 15 என்று காட்டியது. மாலையில் இணையம் திரும்பியதும் இரண்டும் சிங்க் ஆயின, அதாவது சர்வர் வழியாக ஒத்திசைந்தன. கையில் இருந்த 40 பெட்டிகளுக்கு எதிராக 55 விற்கப்பட்டிருந்தன. மென்பொருளோ 15 பெட்டிகள் மீதம் உள்ளன என்று எல்லாத் திரைகளிலும் அமைதியாக அறிவித்தது. எந்த எச்சரிக்கையும் வரவில்லை.

பிறகு நாங்களாக ஆராய்ந்தபோதுதான் காரணம் புரிந்தது. "30 வெளியே சென்றது", "25 வெளியே சென்றது" என்று நடந்த செயலை அனுப்புவதற்குப் பதிலாக, "இப்போது இருப்பு இவ்வளவு" என்ற முடிவுத் தொகையை மட்டும் ஒவ்வொரு கணினியும் சர்வருக்கு அனுப்பியிருக்கிறது; கடைசியாகத் திருத்தப்பட்டது எதுவோ அதுவே நிலைக்கும் என்ற விதியின்படி முந்தையது அழிந்திருக்கிறது. கணக்கு எழுதிப் பழகியவர் யாரும் வரவு செலவுகளைக் கிழித்துப் போட்டுவிட்டு மீதியை மட்டும் கைமாற்ற மாட்டார்கள். இது இதுவரை யாரும் தீர்க்காத சிக்கல் என்றும் சொல்ல முடியாது. 1989இல் வெளிவந்த லோட்டஸ் நோட்ஸ், இதே போல ஒரே தரவின் பிரதிகளைப் பல கணினிகளில் வைத்துக்கொண்டு வேலை செய்த அலுவலக மென்பொருள். இரண்டு பிரதிகளில் ஒரே ஆவணம் திருத்தப்பட்டிருந்தால், முரண்பாடு என்று குறித்து இரண்டையுமே கண்முன் வைக்கும் ஏற்பாடு அதில் உண்டு.

"கடைசியாகத் திருத்தப்பட்டது" என்பதை எந்தக் கடிகாரத்தை வைத்துத் தீர்மானிக்கிறார்கள் என்று மென்பொருளை விற்ற நிறுவனத்தாரிடம் கேட்டேன். அந்தந்தக் கணினியின் கடிகாரத்தை வைத்துத்தான் என்றார்கள். கிடங்கில் உள்ள பழைய கணினியில், மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓடவைக்கும் மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோயிருந்தது; ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் அதன் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். இணையம் இருந்தால் நேரம் தானாகச் சரியாகிவிடும், இல்லையென்றால் ஆகாது. ஆகவே இணையம் இல்லாத நாளில் கிடங்கில் செய்யப்பட்ட திருத்தங்கள் அத்தனையும் மிகப் பழையவை என்று கருதப்பட்டுத் தள்ளப்பட்டுள்ளன. பேட்டரியை மாற்றாதது எங்கள் தவறு. ஆனால் ஒரு சிறு பேட்டரியை நம்பி ஒரு நிறுவனத்தின் கணக்கை வடிவமைத்தது எங்கள் தவறல்ல.

பில் எண்களின் கதை இன்னும் மோசமானது. இணையம் இல்லாதபோது ஒவ்வொரு கணினியும் தனக்குத் தெரிந்த கடைசி எண்ணுக்கு அடுத்ததைப் போட்டுக்கொண்டது. இரண்டு வாடிக்கையாளர்களின் கையில் ஒரே எண்ணுள்ள பில்கள் போய்ச் சேர்ந்தன. சர்வர் இதைக் கண்டதும், பிந்தியதற்கு வேறு எண்ணைத் தானாகக் கொடுத்துவிட்டது, யாருக்கும் சொல்லாமல். வாடிக்கையாளரிடம் உள்ள காகிதமும் எங்கள் புத்தகமும் பொருந்தவில்லை என்பது தணிக்கையின்போதுதான் வெளிப்பட்டது. ஒவ்வொரு கணினிக்கும் தனி முன்னெழுத்தோ தனி எண் தொகுதியோ கொடுத்திருந்தால் வந்திருக்கவே வந்திருக்காத சிக்கல் இது.

உதவி கேட்டு அழைத்தபோது நடந்ததை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. ஒரு கணினியில் ஒத்திசைவு நின்றுபோய் மூன்று நாட்கள் ஆகியிருந்தன. தொலைவிலிருந்து இணைந்த தொழில்நுட்ப உதவியாளர், கேஷ் என்ற தற்காலிகச் சேமிப்பு நிறைந்துவிட்டது என்று சொல்லி ஒரு கோப்புறையைத் திறந்து அதிலிருந்த அனைத்தையும் அழித்தார். மென்பொருள் உடனே சுறுசுறுப்பாக ஓடத் தொடங்கியது. சர்வரை எட்டாமல் காத்திருந்த மூன்று நாள் பில்கள் அதனோடு போய்விட்டன. டெஸ்க்டாப் மென்பொருள் என்று எங்களுக்கு விற்கப்பட்டது, உலாவியின் எஞ்சினை ஒரு சன்னலுக்குள் பொதிந்து தந்த வலைப்பக்கம் என்பதும், "உங்கள் கணினியிலேயே பாதுகாப்பாக" இருப்பதாகச் சொல்லப்பட்ட தரவு, அந்த உலாவியின் தற்காலிகச் சேமிப்பில் இருந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வலைப்பக்கத்தைப் பொதிந்து தருவது குற்றமல்ல. நல்ல மென்பொருள்கள் பல, எலெக்ட்ரான் என்ற அத்தகைய பொதியும் கருவியைக் கொண்டு அப்படித்தான் கட்டப்பட்டுள்ளன. சர்வரை எட்டாத பில்லையும், போனால் போகட்டும் என்று விடக்கூடிய நகலையும் ஒரே இடத்தில் போட்டு வைத்ததும், அந்த வேறுபாட்டைத் தம் ஊழியருக்கே சொல்லித் தராததும்தான் குற்றம்.

வெளியேறுவது என்று முடிவு செய்து புதுப்பிப்புத் தொகையை நிறுத்திவைத்தோம். ஏழு நாட்களுக்கு ஒரு முறை லைசென்ஸைச் சர்வரிடம் சரிபார்க்கும் மென்பொருள் எட்டாம் நாள் திறக்க மறுத்தது. தரவு எங்கள் வன்தட்டிலேயே இருந்தும், மறைகுறியாக்கப்பட்டிருந்ததால் எதையும் படிக்க முடியவில்லை. மன்றாடிய பிறகு அவர்கள் தந்தது பிடிஎஃப் வடிவிலான அறிக்கைகள்; வேறு மென்பொருளில் ஏற்றக்கூடிய, எளிய அட்டவணை வடிவிலான சிஎஸ்வி கோப்பு வேண்டும் என்றால் தனிக் கட்டணம் என்றார்கள். ஒப்பந்தத்தை மறுபடி படித்தேன். "வாடிக்கையாளர் தரவு வாடிக்கையாளருக்கே சொந்தம்" என்று எழுதியிருந்தது. எந்த வடிவில், எத்தனை நாளுக்குள் திருப்பித் தருவார்கள் என்று ஒரு வரியும் இல்லை. அந்த வரி இல்லாததை நான் கையெழுத்திடும் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட மென்பொருளை வாங்க எண்ணுபவர்கள், பிரதிநிதியிடம் இரண்டு கணினிகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். இரண்டிலும் இணையத்தைத் துண்டித்து, ஒரே பொருளை இரண்டிலும் விற்று, ஒரே வாடிக்கையாளரின் முகவரியை இரண்டு விதமாகத் திருத்தி, ஒன்றின் தேதியை ஓராண்டு பின்னுக்குத் தள்ளி, பிறகு இணைத்துப் பாருங்கள். இருப்பு சரியாகக் கழிந்திருக்கிறதா, முரண்பாடு திரையில் தெரிகிறதா, பில் எண்கள் அப்படியே நிற்கின்றனவா என்று உங்கள் கண்ணால் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம். சர்வரை இன்னும் எட்டாத பதிவுகள் எத்தனை என்பதை எப்போதும் காட்டும் ஓர் இடம் திரையில் இருக்க வேண்டும். எங்கள் மென்பொருளில் இருந்ததோ ஒரு பச்சைப் புள்ளி மட்டும், அது பில்கள் தேங்கிக் கிடந்த மூன்று நாட்களும் பச்சையாகவே இருந்தது.

நாங்கள் இப்போது பில்களின் அச்சுப் பிரதிகளைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து, இரண்டு பேரை உட்காரவைத்து, ஒவ்வொன்றாக மறுபடி பதிவு செய்துகொண்டிருக்கிறோம். ஏழாம் மாதம் வரை வந்திருக்கிறோம்.