நான்-ஓனர் பாலிசி: இரவல் கார் ஓட்டுபவருக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

அமெரிக்காவில் சொந்தக் கார் இல்லாமல், நண்பர் காரையோ வாடகைக் காரையோ அவ்வப்போது ஓட்டுபவர்களுக்கென்றே விற்கிற லயபிலிட்டி இன்சூரன்ஸ் இது. சொந்தக் கார் பாலிசியைவிடப் பெரும்பாலும் மலிவு. காரணமும் எளிது: எதிராளிக்குப் பட்ட காயத்துக்கும், அவர் பொருளுக்கு வந்த சேதத்துக்கும் மட்டுமே பணம் தரும். நீங்கள் ஓட்டிய காரின் பம்பர் நசுங்கினால் சல்லிக்காசு வராது.

பலர் கவனிக்காத விஷயம், இது இரண்டாவதாகத்தான் வரும். முதலில் பணம் கட்ட வேண்டியது கார்க்காரருடைய பாலிசி. டெக்சஸை எடுத்துக்கொள்வோம். அங்கே குறைந்தபட்சம் 30/60/25: காயத்துக்கு ஒருவருக்கு 30,000 டாலர், ஒரு விபத்துக்கு மொத்தம் 60,000, பொருள் சேதத்துக்கு 25,000. நண்பரின் கேம்ரியை வாங்கிப் போய் சிக்னலில் நின்ற புது பிக்கப்பை இடிக்கிறீர்கள். வண்டிச் சேதம் 41,000, அதன் டிரைவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு 95,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். நண்பரிடம் இருப்பது குறைந்தபட்ச பாலிசி என்றால் வண்டிக்கு 25,000, காயத்துக்கு 30,000 தந்துவிட்டு ஒதுங்கிவிடும். உங்களுடையதும் அதே 30/60/25 என்றால் வண்டியின் பாக்கி 16,000 தீர்ந்துவிடும். காயத்தில் இன்னும் 35,000 உங்கள் தலையில்தான். 100/300/100 எடுத்திருந்தால் அதுவும் அடைபடும். குறைந்தபட்ச லிமிட்டில் இந்தப் பாலிசியை வாங்குவதில் பெரிய அர்த்தமில்லை. மேல் லிமிட்டுக்கும் சேர்த்தே கோட் (பிரீமியம் எவ்வளவு வரும் என்ற விலை விவரம்) கேளுங்கள்.

கிளெய்ம் நிராகரிக்கப்படும் ஆபத்து அதிகம் இருப்பது ஒரே வீட்டில் இருப்பவர்களின் காரில். நாலு பேர் சேர்ந்து அபார்ட்மென்ட் எடுத்து, ஒருவர் காரையே எல்லோரும் மளிகைக்கும் ஆபீசுக்கும் ஓட்டுவது நம்மவர்களிடம் சகஜம். ‘வழக்கமான உபயோகத்துக்குக் கிடைக்கும் வண்டி’ என்று பாலிசியில் ஒரு விலக்கு இருக்கும். அந்தக் கார் அதில் மாட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவர்கள் நான்-ஓனர் பக்கமே போக வேண்டாம். கார் வைத்திருப்பவரின் பாலிசியில் டிரைவராகப் பெயர் சேர்ப்பதுதான் வழி. கணவர் பெயரில் மட்டும் எடுத்தால் மனைவிக்கும் செல்லும் என்று எண்ணிவிடாதீர்கள், அவர் பெயரும் பாலிசியில் இருக்க வேண்டும். உணவு டெலிவரி, ஊபர் எதற்கும் ஆகாது.

வாடகைக் கார் கவுண்டரில் எஸ்எல்ஐ என்று நீட்டும் லயபிலிட்டிப் பகுதியை, பாலிசி வாடகைக் காருக்கும் பொருந்தும் என்று உறுதி செய்துகொண்டு, வேண்டாம் எனலாம். எல்டிடபிள்யூவைத் தள்ளுமுன் யோசியுங்கள்; அது அந்தக் காரின் சேதத்துக்கானது. கிரெடிட் கார்டில் வரும் வாடகைக் கார் கவரேஜும் காரின் சேதத்துக்குத்தான், எதிராளிக்கு உதவாது. ஆக, கார்டும் நான்-ஓனரும் ஒன்றுக்கொன்று துணை. மாதம் இரண்டு மூன்று முறை வாடகைக்கு எடுப்பவருக்கு இந்த ஜோடியைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். வருடத்துக்கு ஒரு வாரம்தான் என்றால் கவுண்டரில் எஸ்எல்ஐ வாங்கிவிட்டுப் போங்கள்.

வாங்குவது கொஞ்சம் எரிச்சல். பல வெப்சைட்டுகளில் கார் மாடலை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. போன் போட்டு ஏஜெண்டிடம்தான் கேட்க வேண்டும். வீட்டில் யார் யாரிடம் கார் இருக்கிறது என்று கேட்பார்கள். மறைத்தால் கிளெய்ம் நேரத்தில் அதுவே வினையாகும். லைசென்ஸ் பறிபோய் எஸ்ஆர்-22 (இன்சூரன்ஸ் இருக்கிறது என்று கம்பெனி மாநில அலுவலகத்துக்குத் தரும் சான்று) கேட்கப்பட்டவர்கள், கம்பெனி அதைத் தாக்கல் செய்யுமா என்று முதலிலேயே விசாரிக்கவும். பிரீமியம் தவறினால் கம்பெனி மாநில அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பும், லைசென்ஸ் மறுபடி முடங்கும்.

காரை விற்றுவிட்டுச் சில மாதம் சும்மா இருப்பவர்களுக்கு இன்னொரு லாபம்: இன்சூரன்ஸில் இடைவெளி விழாது. பல மாநிலங்களில் இடைவெளி இருந்தால் அடுத்த பாலிசி விலை ஏறும். புதுக் கார் வாங்கினால் சாவி கைக்கு வருமுன்பே முழு பாலிசிக்கு மாறிவிடுங்கள். நான்-ஓனர் பாலிசி பொதுவாக அமெரிக்காவிலும் கனடாவிலும் செல்லும். மெக்சிகோ எல்லையைத் தாண்டினால் தனி இன்சூரன்ஸ் வாங்க வேண்டும்.