வளர்ந்த நாயும் நான்காவது மாடியும்: எந்த வழி எங்கே உதவியது

நான்கு வயதுச் செவலையைக் காப்பகத்திலிருந்து அழைத்து வந்தது ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. சென்னையில் நான்காவது மாடி, இரண்டு பெட்ரூம், 900 சதுர அடி. அதுவரை ஒரு தகரக் கொட்டகையில் பத்து நாய்களோடு இருந்தவள், இவ்வளவு இடத்தைப் பார்த்தால் குதிப்பாள் என்று நினைத்தோம். நேராகப் போய் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் நுழைந்தாள். ஒன்றரை நாள் பெரும்பாலும் அங்கேயேதான்.

குட்டி நாய் வளர்க்கத் தெருவுக்கு நாலு பேர் யோசனை சொல்வார்கள். வளர்ந்த நாய் வேறு கணக்கு. அதற்குப் புதிதாகக் கற்றுக்கொடுப்பதைவிட, ஏற்கெனவே கற்றுவைத்திருப்பதைப் புரிந்துகொள்வதுதான் வேலை. காப்பகத்துக்காரர்கள் 3 நாள், 3 வாரம், 3 மாதம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். பயம் தெளிய 3 நாள், வீட்டின் நேரங்கள் பிடிபட 3 வாரம், இது நம் வீடு என்று ஆக 3 மாதம். செவலைக்கு முதல் மூன்றே பத்து நாளாயிற்று. ஆனாலும் அந்த வரிசை மாறவில்லை.

முதல் கேள்வி, வந்த நாயை எங்கே விடுவது? வீடு முழுக்கத் திறந்துவிடலாம், கூண்டு வாங்கலாம், அல்லது ஒரே ஒரு அறை கொடுக்கலாம்.

திறந்த வீடுதான் அன்பான வழி போலத் தெரியும். காசும் செலவில்லை. ஆனால் வாசலில் மணி அடித்தால் அங்கே ஓடவேண்டும், குக்கர் விசிலடித்தால் இங்கே திரும்பவேண்டும், பக்கத்து வீட்டுக் கதவுச் சத்தத்துக்குக் காதை நிமிர்த்தவேண்டும். ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் தூங்கவேண்டிய பிராணி அது. எங்கள் வீட்டில் முதல் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம்கூட அவள் தூங்கி நான் பார்க்கவில்லை.

கூண்டுக்குக் கடையிலும் இணையத்திலும் நல்ல பெயர். ரயில் பயணம், அறுவை சிகிச்சைக்குப் பிறகான ஓய்வு என்று வந்தால் கூண்டுப் பழக்கம் பெரிய உதவிதான். உள்ளே நிமிர்ந்து நிற்கவும் திரும்பவும் காலை நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும்; நம் நாட்டு நாய்க்கு அநேகமாக 36 அங்குல நீளம் சரியாக இருக்கும். ஆனால் தெருவில் பிறந்து, பிடிபட்டு, அடைபட்டு வந்த நாயை முதல் வாரமே கம்பிக்குள் போட்டுத் தாழ்ப்பாள் போட்டால், பழைய பயம்தான் திரும்ப வரும். கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்கிற நாய்களும் உண்டு. கூண்டு வாங்கினால், கதவை மட்டும் கயிற்றால் திறந்தபடி கட்டிவிடுங்கள். சோற்றுத் தட்டை அதற்குள் வையுங்கள். போகிறதும் வருகிறதும் அதன் இஷ்டம்.

என் ஓட்டு ஒற்றை அறைக்குத்தான். அதுவும் யாராவது ஒருவர் இரவில் படுக்கும் அறை. குளியலறையோ பால்கனியோ இல்லை. குழந்தைகளுக்காக வாசலில் மாட்டுகிற தடுப்புக் கதவு போதும். வெளியே நடப்பது தெரியும், ஆனால் எல்லாவற்றையும் காவல் காக்கவேண்டியதில்லை. நான்காம் நாள் ஹால், அடுத்த வாரம் சமையலறை வாசல் என்று ஒவ்வொரு இடமாகத் திறந்தோம். ஒற்றை அறைக்கு மாற்றிய அன்று மதியமே அவள் நாலு காலையும் நீட்டிக் குறட்டை விட்டாள்.

அடுத்தது கழிப்பறை விஷயம். பால்கனியா, கீழே மண்ணா? அடுக்ககத்தில் பாதிச் சண்டை இதில்தான் தொடங்குகிறது.

பால்கனியில் புல் தட்டு வைத்துப் பழக்குவது வயதானவர்களுக்கும், கால் வலிக்காரர்களுக்கும், சிறிய ரக நாய்களுக்கும் நல்ல ஏற்பாடு. அடைமழையிலும் கவலையில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கீழ்வீட்டுத் துணிக்கொடியில் சொட்டுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளவேண்டும். சொட்டினால் அன்று மாலையே அசோசியேஷன் வாட்ஸ்அப்பில் உங்கள் பெயர் அடிபடும்.

ஆனால் வளர்ந்த நாய் ஏற்கெனவே ஒரு தரையைத் தேர்ந்தெடுத்துவிட்டது. காலுக்கடியில் மண்ணோ புல்லோ இருந்தால்தான் அதற்கு வரும். செவலை பளபள டைல்ஸில் 16 மணி நேரம் அடக்கிக்கொண்டு நின்றாள். நாங்கள் பெருமையோடு வாங்கி வைத்த பிளாஸ்டிக் புல்லை மோந்துகூடப் பார்க்கவில்லை. கீழே கூட்டிப் போனதும் வேப்பமரத்தடியில் இரண்டு நிமிஷம் நகரவே இல்லை, பாவம்.

ஆகவே முதலில் மண். வளர்ந்த நாய் 6 முதல் 8 மணி நேரம் அடக்கும் என்றாலும், முதல் வாரம் 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை இறக்குங்கள். ஒரே இடம், ஒரே வழி. போய் முடித்த அந்த நொடியிலேயே கையில் ஒரு துண்டு கோழி. வீட்டுக்கு வந்து கொடுத்தால் எதற்குக் கொடுக்கிறீர்கள் என்று அதற்குப் புரியாது. பால்கனி இரண்டாவது பாடம். இரண்டு மாதம் கழித்து, அந்த வேப்பமரத்தடி மண்ணிலேயே ஒரு வாளி அள்ளி வந்து தட்டில் நிரப்பினேன். ஐப்பசி மழைக்கு முன்னால் அது பழகிவிட்டது பெரிய நிம்மதி.

வீட்டுக்குள் போய்விட்டால் பினாயில் வேண்டாம். அது நம் மூக்கை மட்டும்தான் ஏமாற்றும். செல்லப்பிராணிக் கடைகளில் நொதி (என்சைம்) கலந்த திரவம் கிடைக்கிறது, மூத்திர வாடையை அடியோடு எடுக்கும். அம்மோனியா கலந்த திரவம் நேர்மாறு. மூத்திர வாடையை நினைவூட்டி மறுபடி அங்கேயே வரவழைக்கும்.

கழுத்துப் பட்டையா, மார்பு வார் பட்டையா (ஹார்னஸ்) என்று கேட்டால், முதல் மாதம் இரண்டும். பயந்த நாய் பின்னால் நகர்ந்து தலையை உருவிக்கொள்ளும். நாட்டு நாய்க்குத் தலை ஒல்லி, கழுத்துப் பட்டை வழுக்கிக்கொண்டு வரும். இரண்டையும் ஒரே கயிற்றில் கோத்துப் பிடியுங்கள். சாப்பாட்டில் ஒன்றே ஒன்றுதான்: காப்பகத்தில் கொடுத்ததையே தொடர்ந்து, ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றவேண்டும். சாம்பார் சாதம் கூடாது, அதில் வெங்காயம் இருக்கிறது.

இப்போது நான் சறுக்கிய இடம். தனியாக விடுவது.

வேலைக்குப் போகிறவர்கள் முன்னால் இரண்டு வழி. ஒரு வாரம் லீவு போட்டுக் கூடவே இருந்து, பிறகு ஒருநாள் கிளம்பிப் போவது. அல்லது இரண்டாம் நாளிலிருந்தே சில நிமிஷம் மட்டும் விட்டுவிட்டுத் திரும்புவது. நான் முதல் வழியில் போனேன். ஒன்பது நாள் மடியில் வைத்துத் தடவினேன். பத்தாம் நாள் ஆபீஸ் போனேன். பதினோரு மணிக்கு எதிர்வீட்டிலிருந்து போன். ஊளை. திரும்பி வந்து பார்த்தால் வாசல் கதவின் உட்பக்கத்தில் ஒரு முழத்துக்குப் பெயின்ட் இல்லை.

அதன் பிறகு ஆரம்பத்திலிருந்து தொடங்கினேன். சாவியை எடுத்துவிட்டு உட்கார்ந்துகொள்வது. செருப்பு மாட்டி, கழற்றுவது. கதவுக்கு வெளியே ஒரு நிமிஷம், மூன்று, பத்து. பழைய போனை அலமாரியில் நிறுத்தி வீடியோ எடுத்தேன். அமைதியாக இருந்த நேரத்தை மட்டும்தான் நீட்டினேன். உள்ளே குழிவான ரப்பர் பொம்மையில் தயிர் சாதத்தை அடைத்து ஃப்ரீசரில் வைத்து, கிளம்பும்போது மட்டும் கொடுத்தேன். மூன்று மணி நேரத்தைத் தொட ஐந்து வாரம் ஆயிற்று. அதுவரை பகலில் வந்து பார்க்க ஆள் வைத்தேன், சம்பளத்தில் துண்டு விழத்தான் செய்தது. பகல்நேரக் காப்பகம் பழகிய நாய்களுக்குச் சரி. இன்னும் நம் வீட்டையே நம்பாத நாயைத் தினமும் வேறொரு கூட்டத்தில் விட்டால், பழகவேண்டிய இடம் இரண்டாகிவிடும். துணைக்கு இன்னொரு நாய் என்பார்கள். இரண்டும் சேர்ந்து ஊளையிடவும் வாய்ப்பு உண்டு. எச்சில் ஒழுக நடுங்கி, கதவைப் பிறாண்டி ரத்தம் வருகிற அளவுக்குப் போனால் தயிர் சாதம் எடுபடாது, கால்நடை மருத்துவரிடம் போகவேண்டும்.

கடைசியாக லிஃப்ட்டா, படியா? இந்திய விலங்கு நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நாயை லிஃப்ட்டில் ஏற்றக்கூடாது என்று அசோசியேஷன் தடை போடமுடியாது. அந்தத் தாளை அச்செடுத்தே வைத்திருந்தேன், சண்டைக்குத் தயாராக. தேவையே படவில்லை. புதிய நாய்க்கு லிஃப்ட் என்பது நகரும் தரை, தப்பிக்க வழியில்லாத பெட்டி, கதவு திறந்தால் ஒரு அந்நிய முகம். முதல் வாரங்களில் படிதான் நல்லது என்று நான் முடிவு செய்தேன். பிறகு நிற்கிற லிஃப்ட்டில் ஏறி உடனே இறங்குவது, ஒரு மாடி மட்டும் போவது என்று ஆரம்பித்தோம்.

மற்றதெல்லாம் தை பிறப்பதற்குள் கூடிவந்துவிட்டது, இது மட்டும் வரவில்லை. கதவு திறந்ததும் செவலை படி பக்கம் திரும்பி உட்கார்ந்துவிடுகிறாள். நேற்றும் இரண்டாவது மாடி மாமி லிஃப்ட்டைப் பிடித்தபடி கேட்டார், "ஏம்மா, இடம்தான் இருக்கே, ஏறிக்க வேண்டியதுதானே?"

"நான் ஏறிக்குவேன் மாமி. இவகிட்ட கேளுங்க."

நாலு மாடி, ஒரு நாளைக்கு நாலு தடவை. அவள் முன்னால் போய் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, நான் வருகிறேனா என்று பார்க்கிறாள்.