டிரெஸ்டனுக்குப் போன காரைக்குடிப் பொடிகள்

மேற்படிப்புக்காக ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்குப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, காரைக்குடி செக்காலைப் பகுதியில் ஆச்சி ஒருவர் தம் வீட்டு முகப்பிலேயே நடத்திவரும் பலகாரக் கடைக்கு அம்மாவுடன் சென்றிருந்தேன். பட்டியலை நீட்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த நாட்டுக்குத் தம்பி போறீக?" என்பதுதான். ஜெர்மனி என்றதும் அதிலிருந்த நெய்யையும் பால்கோவாவையும் அடித்துவிட்டார். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியையும் பால் பொருள்களையும் கொண்டுவரக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். பெட்டியில் 23 கிலோவுக்கே இடமிருந்த எனக்கு, விமான நிலையத்தில் பறிபோகக்கூடிய பொருளை விற்காத அந்த நேர்மை பெரிதாகப் பட்டது.

வாங்கியவற்றில் பருப்புப் பொடிக்கே முதலிடம். விடுதியில் எங்கள் தளத்தில் எட்டுப் பேருக்கு ஒரே சமையலறை. முதல் வாரத்தில் நான் வரமிளகாய் தாளித்தபோது, நெடி தாங்காமல் இருவர் இருமிக்கொண்டே வெளியேற, கூரையிலிருந்த புகை உணர்கருவியும் அலறத் தொடங்கியது. அன்றிலிருந்து, தாளிக்காமலே சாப்பிடக்கூடியவற்றின் அருமை புரிந்தது. பருப்பை நிதானமாகச் சிவக்க வறுத்து, சற்றுக் கொரகொரப்பாகவே திரித்திருக்கிறார்கள். சுடுசோற்றில் பொடியையும் நல்லெண்ணெயையும் விட்டுப் பிசைந்தால், பல்லில் படும் அந்தக் கொரகொரப்புக்குப் பின்னால் பூண்டு மணம் மெல்ல எழும். ஐந்து மாதம் கழிந்தும் அந்த மணம் குறையவில்லை. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமைகளில் மளிகைக் கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும் என்பது பழகாத முதல் மாதத்தில், இரண்டு ஞாயிறுகளை இந்தப் பொடியைக் கொண்டே கடத்தினேன்.

சுண்டைக்காய் வற்றலும் நன்று. புளிக்காய்ச்சலின் சுவையிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குப்பியின் மூடி இறுக்கமாக இல்லாததால் எண்ணெய் கசிந்து, குளிருக்கென்று புதிதாக வாங்கிய கம்பளிச் சட்டையில் கறை படிந்துவிட்டது. அந்த ஊர்க் குளிரில் அதையேதான் மாதக்கணக்கில் போட வேண்டியிருந்தது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சீப்புச் சீடை தேங்காய்ப்பால் மணத்தோடு மொறுமொறுப்பாக இருந்தது. மூன்றாம் வாரக் கடைசியில் அடியில் கிடந்த கைப்பிடிச் சீடையில் மட்டும் சிக்கு வாடை தட்டியது. பெரிய பொட்டலமாக அல்லாமல் கால் கிலோப் பொட்டலங்களாக ஒட்டித் தந்தால் இது நேராது.

விலை, கடைத்தெருவில் கிடைப்பதைவிடச் சற்றுக் கூடுதல்தான். வறுத்திருக்கும் பக்குவத்துக்கு அது தகும். பொட்டலங்களின் மேல் பெயரையும் சேர்மானங்களையும் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டும் வழக்கம் அங்கில்லை. சுங்கத்தில் பெட்டியைத் திறந்தால் பழுப்புப் பொடி இன்னதென்று விளக்குவது எளிதன்று. ஆகவே, அக்டோபரில் தொடங்கும் பருவத்துக்குப் போகிறவர்கள் பத்து நாள் முன்பே சொல்லிவைத்து, எழுதி ஒட்டச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். குப்பியின் மூடிமேல் நெகிழித் தாள் சுற்றித் தரும்படியும் ஆச்சியிடம் மறக்காமல் சொல்லுங்கள்.