பெற்றோருக்காக நிலக்கீழ் வீடு: ஓர் ஒப்பந்தக்காரரின் வேலை பற்றி

கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோவில் உள்ள எங்கள் வீட்டின் பேஸ்மென்ற்றை (நிலக்கீழ் தளத்தை), அப்பாவும் அம்மாவும் தங்கள் விருப்பப்படி சமைத்து உறங்கி, தனி வாசலால் போய்வரக்கூடிய வீடாக மாற்றும் வேலையை ஒரு சிறிய தமிழ் நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தோம். பெற்றோர் குடியேறி ஒரு பனிக்காலமும் அதன்பின் வந்த மழையும் கழிந்துவிட்டன. சுவரை மூடுவதற்கு முன் என்ன செய்யப்பட்டது என்பதை வைத்துத்தான் நிலக்கீழ் வேலையை மதிப்பிட வேண்டும் என்பதால், அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

விலை கேட்டபோது மற்றவர்கள் சமையலறை அலுமாரியிலிருந்து பேச்சைத் தொடங்கினார்கள். அனுமதிப் பத்திரம் தேவையில்லை, காசாகத் தந்தால் வரியும் மிச்சம் என்றார் ஒருவர். ஆனால் 65 வயதை எட்டிய உறவினருக்குத் தனி வாசலும் சமையலறையும் குளியலறையும் கொண்ட இருப்பிடம் அமைப்போருக்கு, 50,000 டொலர் வரையான செலவில் ஒரு பகுதியை (2023இல் 15 வீதம், அதாவது 7,500 டொலர் வரை) மத்திய அரசு 2023 முதல் வரிச்சலுகையாகத் திருப்பித் தருகிறது. பற்றுச்சீட்டு இல்லாத வேலைக்கு அதைக் கோர முடியாது. இந்த நிறுவனத்தார் முதலில் அளந்தது பேஸ்மென்ற்றின் தரையிலிருந்து உட்கூரை வரையான உயரத்தை. அனுமதிக்குத் தேவையான 1.95 மீற்றர் இருப்பதை உறுதி செய்த பிறகே வரைபடம் தயாரித்து மாநகர சபையிடம் அனுமதி பெற்றார்கள்.

நீர் விடயத்தில் அவர்கள் காட்டிய அக்கறையே எனக்கு மிகவும் பிடித்தது. 2013 ஜூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழையும், 2024 ஜூலை 16 அன்று ஏறத்தாழ 98 மில்லிமீற்றரும் பெய்தபோது ரொறன்ரோவில் பல வீடுகளின் நிலக்கீழ் தளங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. வீதிக் கழிவுக்குழாய் நிரம்பினால் நீர் வீட்டுக்குள் திரும்பாமல் தடுக்கும் வால்வை, தரைக் கொங்கிறீற்றை உடைத்துப் பொருத்தினார்கள். அது மூடியிருக்கும் நேரத்தில் எங்கள் நீரும் வெளியேறாது என்பதால், கடும் மழையில் சலவை இயந்திரத்தை ஓட்ட வேண்டாம் என்று மூடியைத் திறந்து காட்டி அம்மாவுக்கு விளக்கினார் மேற்பார்வையாளர். வடக்குச் சுவரில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்த இடத்தைச் சுரண்டி, வெடிப்பை அடைத்தார்கள். அறையின் ஈரக்காற்று குளிர்ந்த கொங்கிறீற்றைத் தொட்டு வியர்க்காதபடி, நுரைப் பலகைகளைச் சுவரோடு ஒட்டி, இணைப்புகளை நாடாவால் மூடிய பிறகே மரச்சட்டம் எழுப்பினார்கள்.

படுக்கையறை யன்னல், தீ நேரத்தில் ஆள் வெளியேறக்கூடியதாக இருக்க வேண்டும்: திறப்பு குறைந்தது 0.35 சதுர மீற்றர், எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. அதற்காக அடித்தளச் சுவரை அறுத்து, வெளியே குழி தோண்டிச் சரளைக்கல் நிரப்பி, வடிகாலுடன் இணைத்தார்கள். கூரைக்குத் தீ தாங்கும் ஜிப்சம் பலகை; இரு தளங்களின் புகை எச்சரிக்கைக் கருவிகளும் ஒன்று ஒலித்தால் மற்றதும் ஒலிக்கும்.

குறைகளும் உண்டு. கூரைக்குள் ஒலி தடுக்கும் பஞ்சு அடைத்ததால் மேல்மாடிப் பேச்சு கீழே கேட்பதில்லை, ஆனால் பிள்ளைகள் ஓடும் அதிர்வு அப்படியே கேட்கிறது. அதைக் குறைக்க மேல்தளத்தின் தரைக்கும் விரிப்போ அடியுறையோ தேவை என்பதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். முதியவர்களுக்கான குளியலறை என்று தெரிந்தும், கைப்பிடி பொருத்துவதற்கான மரப்பலகையைச் சுவருக்குள் வைப்பது அவர்கள் நினைவுக்கு வரவில்லை. நாங்கள் கேட்ட பிறகே வைத்தார்கள். மேலதிகச் செலவுகளைத் தொலைபேசியில் சொல்லிவிட்டு எழுத்தில் தரத் தாமதித்தது எனக்குச் சரியாகப் படவில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, ஒன்ராறியோ மாகாணச் சட்டப்படி ஒவ்வொரு கொடுப்பனவிலும் 10 வீதத்தை நாங்கள் பிடித்துவைத்தபோது அவர்கள் முகம் சுளிக்கவில்லை. வேலை முடிந்து 60 நாட்கள் கழிந்த பின்னரே பெற்றுக்கொண்டார்கள்.

கூரை உயரம் போதுமான வீடு வைத்திருப்பவர்களுக்கு இவர்களைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அடித்தளத்தின் கீழ் தோண்டித் தரையைத் தாழ்த்தும் வேலையை இவர்கள் எடுப்பதில்லை என்று முதற்சந்திப்பிலேயே சொல்லிவிட்டார்கள். அப்படிப்பட்ட பழைய வீடு என்றால், முதலில் ஒரு கட்டமைப்புப் பொறியியலாளரை அழைத்துப் பார்வையிடச் செய்யுங்கள்.